ஆயில் ஏறியது, பிரஷர் இறங்கியது: பழைய பிக்கப் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி: 2.5 லிட்டர், நாலு சிலிண்டர், நேரடி இன்ஜெக்‌ஷன் டீசல் பிக்கப். வயது 16. மீட்டரில் 2,87,000 கி.மீ. ராத்திரி 11 மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட்டில் காய்கறி மூட்டை ஏற்றி, விடிவதற்குள் பல்லாவரம், மேடவாக்கம், தாம்பரம் கடைகளில் இறக்குவதுதான் வேலை. டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் கிடையாது. சிவப்பு லைட் மட்டும்.

புகார்: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் லைட் இரண்டு நொடியில் அணைந்துவிடும். மதுரவாயல் பைபாஸில் ஒரு மணி நேரம் லோடோடு ஓடி, சிக்னலில் நின்றால் மினுக்கும். ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணையும். மே மாத வெயிலில் பகல் டிரிப் அடித்தால் நிரந்தரமாகவே எரியும். சத்தம் ஏதும் பெரிதாக இல்லை. சூடான பிறகு ஐட்லிங்கில் மட்டும் அடியிலிருந்து ஒரு மெல்லிய தட்டல்.

இதற்கு முன் வேறு இடங்களில் மூன்று வேலைகள் நடந்திருந்தன. முதலில் பிரஷர் சுவிட்ச் மாற்றப்பட்டது, லைட் போகவில்லை. பிறகு 15டபிள்யூ-40 ஆயிலை எடுத்துவிட்டு, அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினார்கள். மூன்று வாரம் லைட் வரவில்லை, பிறகு வந்துவிட்டது. கடைசியாக ஆயில் பம்ப் புதிதாகப் போடப்பட்டது. இரண்டே நாளில் பழைய கதை. போதாததற்கு ஐட்லிங் 750-லிருந்து 900 ஆர்பிஎம்-க்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. லைட்டை அணைக்க இது ஒரு குறுக்குவழி. பெயரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் உலோகப் படுக்கை) தேய்வதை இது ஒரு இழைகூடத் தடுக்காது.

இந்தக் கேஸின் முடிச்சு டிரைவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியில் இருந்தது: "ஆயில் மட்டும் குறையவே இல்லண்ணே, பார்த்தா ஏறித்தான் இருக்கு." 2,87,000 கி.மீ. ஓடிய டீசல் இன்ஜின் ஆயிலைக் கொஞ்சமாவது குடிக்கும். 5,000 கி.மீ. ஓடியும் ஆயில் பார்க்கும் குச்சியில் (டிப்ஸ்டிக்) அளவு குறையவில்லை என்றால், குறைந்த இடத்தை வேறு ஏதோ நிரப்புகிறது என்று பொருள். டிப்ஸ்டிக்கை இழுத்தபோது அளவு மேல் கோட்டைத் தாண்டி 12 மி.மீ. உயரத்தில் நின்றது. நுனியில் இருந்த சொட்டு வழக்கமான வழவழப்போடு இறங்காமல் தண்ணீர் போல ஓடியது. விரலில் தேய்த்து முகர்ந்தால் டீசல் வாசனை. பழைய காலண்டர் தாளில் ஒரு சொட்டு வைத்து பத்து நிமிடம் விட்டதும் நடுவில் கறுப்புப் பொட்டும், அதைச் சுற்றி அகலமாக ஈரமான வளையமும் படர்ந்தன. நல்ல டீசல் இன்ஜின் ஆயிலும் கறுப்பாகத்தான் இருக்கும், நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. இப்படி வெளியே ஓடும் வளையம்தான் டீசல் கலப்புக்கு அடையாளம். இது மோட்டாவான சோதனைதான், சந்தேகத்தை எழுப்ப இது போதும்.

அளந்த பிறகே கழற்ற வேண்டும். முதல் அரை மணி நேரத்தில் மெக்கானிக்குக் கை அரிக்கும், சம்பை (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றிப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். கழற்றிவிட்டால், சூட்டில் பிரஷர் எவ்வளவு இருந்தது என்பதை மறுபடி பார்க்கவே முடியாது.

லைட்டின் வயரிங் முதலில். சாவி போட்டு இன்ஜின் ஓடாதபோது லைட் எரிய வேண்டும்; சுவிட்சின் வயரைக் கழற்றினால் அணைய வேண்டும். இரண்டும் சரி. பிரஷர் இல்லாதபோது சுவிட்ச் உள்ளே பாடியோடு சேரும், பிரஷர் ஏறியதும் பிரியும். பெரும்பாலான சுவிட்சுகள் 4-லிருந்து 7 பிஎஸ்ஐ-க்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) மாறும். அதாவது லைட் அணைந்திருப்பதற்கு 8 பிஎஸ்ஐ போதும். 3,000 ஆர்பிஎம்-மில் லோடு இழுக்கும் இன்ஜினுக்கு 8 பிஎஸ்ஐ சாவு. லைட் அணைந்துவிட்டது, பிரச்சினை முடிந்தது என்று நினைப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

சுவிட்சைக் கழற்றி அதே துளையில் 0–100 பிஎஸ்ஐ கேஜ் பொருத்தப்பட்டது. இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தத் துளை பல வண்டிகளில் 1/8 அங்குலக் குழாய் மரை. அதிலும் இரண்டு வகை உண்டு: ஒன்றில் அங்குலத்துக்கு 27 மரை, மற்றதில் 28. வேறு சில இன்ஜின்களில் 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச். மூன்றும் ஒன்றிரண்டு சுற்று ஒன்றில் ஒன்று போகும். அதற்கு மேல் ஸ்பானர் போட்டு முறுக்கினால் பிளாக்கில் மரை போய்விடும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அடாப்டர் வாங்கப் போகும்போது பழைய சுவிட்சையே கையில் எடுத்துப் போவது நல்லது. கேஜ் ஹோஸ் பிளாஸ்டிக் குழாயாக இருக்கக் கூடாது. சூடான ஆயில் 60 பிஎஸ்ஐ-யில் முகத்தில் பீய்ச்சும்.

ஐட்லிங் 750-க்கே இறக்கப்பட்டது. டிப்ஸ்டிக் குழாய் வழியாக மல்டிமீட்டரின் வெப்பக் கம்பியை விட்டு ஆயிலின் சூட்டையும் அளந்தாயிற்று. ரேடியேட்டர் சூடானால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று எண்ணக் கூடாது, ஆயில் ஏற இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். 15 கி.மீ. லோடோடு ஓட்டிவந்த பிறகே சூட்டு அளவு எடுக்கப்பட்டது.

குளிர்ந்த ஆயில், 31 டிகிரி: ஐட்லிங்கில் 44 பிஎஸ்ஐ, 2,000 ஆர்பிஎம்-மில் 60.
சூடான ஆயில், 96 டிகிரி: ஐட்லிங்கில் 4, 1,000-ல் 7, 2,000-ல் 16, 3,000-ல் 25.

ஒர்க்‌ஷாப்புகளில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு, 1,000 ஆர்பிஎம்-க்கு 10 பிஎஸ்ஐ. சரியான எண் அந்தந்த இன்ஜினின் மேனுவலில்தான் இருக்கும், ஆனாலும் இந்தக் கணக்கில் வைத்தாலே 2,000-ல் 16 என்பது தேறாது.

இந்த எட்டு எண்களும் பாதி வேலையை முடித்துவிட்டன. குளிரில் 60 பிஎஸ்ஐ வரை ஏறி அங்கேயே நிற்கிறது என்றால், ரிலீஃப் வால்வு (பிரஷர் அளவு மீறினால் திறந்துவிடும் வால்வு) தன் வேலையைச் செய்கிறது. வால்வின் கோலியில் குப்பை சிக்கித் திறந்தே நின்றிருந்தால் குளிரிலும் 60 வந்திருக்காது. பம்ப்பும் தள்ளுகிறது. ஸ்ட்ரைனர் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் உள்ள வலை) முழுக்க அடைத்திருந்தால் ஐட்லிங்கில் சுமாராக இருந்து, ரேஸ் செய்யும்போது பிரஷர் விழும்; இங்கே ரேஸ் செய்தால் ஏறுகிறது. உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங் வழியாகக் காற்று நுழைந்தால் கேஜ் முள் நடுங்கும். இங்கே முள் அசையாமல் நின்றது. மிச்சமிருந்தவை இரண்டு: ஆயில் மெலிந்திருக்கிறது, அல்லது பெயரிங் இடைவெளி பெருகியிருக்கிறது. இரண்டும் கேஜில் ஒரே மாதிரிதான் தெரியும்: குளிரில் நன்றாக, சூட்டில் மோசமாக, ஆர்பிஎம் ஏறினால் கொஞ்சம் தேறும்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீரும். பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை, ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய ஆயில் வெளியேற எவ்வளவு தடை இருக்கிறதோ அதுதான் கேஜில் பிரஷராகத் தெரிகிறது. தடை என்பது கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பெயரிங், பிஸ்டன் ராடைக் கிராங்கோடு இணைக்கும் ராடு பெயரிங், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டின் புஷ் ஆகியவற்றின் மயிரிழை இடைவெளி. 60 மி.மீ. ஜர்னலுக்கு (பெயரிங்குக்குள் சுழலும் தண்டின் பகுதி) 0.06 மி.மீ. இடைவெளி இருந்தால் நல்லது, ஒரு மி.மீ. விட்டத்துக்கு 0.001 மி.மீ. என்பது பொதுக்கணக்கு. அது 0.12 ஆனால் கசிவு இரண்டு மடங்காக ஆகாது, கிட்டத்தட்ட எட்டு மடங்காகும். இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் கசிவு ஏறும். ஆயில் மெலிந்தாலும் அதே துளை வழியாக வேகமாக ஓடிவிடும். 20டபிள்யூ-50 மூன்று வாரம் லைட்டை மறைத்தது இதனால்தான். டீசல் கலந்துகொண்டே இருந்ததால் 50-ம் மெலிந்து 40-க்கும் கீழே போய்விட்டது. பம்ப் மாற்றியதில் பலன் இல்லாததற்கும் இதே காரணம்.

இரண்டில் எது என்று பிரிக்க எளிய வழி ஆயிலை மாற்றுவது. சூடாக இருக்கும்போதே பிளக் கழற்றி, அளவு போட்ட கேனில் வடித்தபோது ஃபில்டரில் இருந்ததையும் சேர்த்து 6.9 லிட்டர் வந்தது. இந்த இன்ஜினின் கொள்ளளவு 6. குடித்த ஆயிலைக் கணக்கில் சேர்க்காமலே 900 மி.லி. அதிகம். அதாவது சம்பில் இருந்ததில் குறைந்தது 13 சதவீதம் டீசல். இதில் பாதியிலும் குறைவான அளவு கலந்தாலே 40 கிரேடு ஆயில் கிட்டத்தட்ட ஒரு கிரேடு இறங்கிவிடும்.

புது 15டபிள்யூ-40, சிஐ-4 தரம், புது ஃபில்டர். மறுபடி 15 கி.மீ. லோடோடு. சூட்டில் ஐட்லிங்கில் 8, 2,000-ல் 24, 3,000-ல் 33. தேறியிருக்கிறது, ஆனால் போதாது. ஆக இரண்டு குறைகளும் இருக்கின்றன, ஒன்று மற்றதை உண்டாக்கியிருக்கிறது. மெலிந்த ஆயிலில் பல மாதம் ஓடிய பெயரிங் தேய்ந்துவிட்டது. இந்த இடத்தில் ஆயிலை மட்டும் மாற்றி, லைட் அணைந்துவிட்டது என்று வண்டியை அனுப்பியிருந்தால் அடுத்த 3,000 கி.மீ.-க்குள் ராடு பிளாக்கைக் கிழித்து வெளியே வந்திருக்கலாம்.

டீசல் எங்கிருந்து வந்தது? வாய்ப்புகள் மூன்று. இன்ஜெக்டர் சொட்டி, எரியாத டீசல் லைனர் வழியாகக் கீழே இறங்குவது. அப்படியானால் புகை வெண்மையாகவோ கறுப்பாகவோ இருக்கும், ஸ்டார்ட்டிங் முரண்டு பிடிக்கும். இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் முன் ஆயில் சீல் போய் டைமிங் பெட்டிக்குள் கசிவது. பிளாக்கின் பக்கவாட்டில் கேம்ஷாஃப்டால் இயங்கி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிவது. புகையில் குறை இல்லாததால் கடைசி இரண்டும் முதலில் பார்க்கப்பட்டன.

ஃபீட் பம்ப்பை பிளாக்கிலிருந்து கழற்றித் துடைத்ததுமே விடை தெரிந்தது. பம்ப்பின் உடம்பில், டயாஃப்ரத்துக்குக் கீழே, மூன்று மி.மீ. அகலத்தில் ஒரு துளை இருக்கும். டயாஃப்ரம் கிழிந்தால் டீசல் இந்தத் துளை வழியாக வெளியே சொட்டி ஓட்டுநருக்குத் தகவல் சொல்லும். அந்தத் துளையை யாரோ எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து, சாம்பல் நிறத்தில் கல்லாக இறுகிக் கிடந்தது. தரையில் டீசல் சொட்டுவதை நிறுத்த நினைத்த கை அது. வெளியே போக வழியில்லாத டீசல், பக்கத்திலேயே இருந்த லீவர் சந்து வழியாக சம்புக்குள் போய்விட்டது. உறுதி செய்ய, பம்ப்பின் உள்வாயை ஒரு டீசல் புட்டியில் விட்டு லீவரைக் கையால் 20 முறை அழுத்தியபோது, லீவர் பின்னைச் சுற்றி மணி மணியாக டீசல் கோத்து, 14-வது அழுத்தலில் சொட்ட ஆரம்பித்தது. இன்ஜெக்‌ஷன் பம்ப் சீலும் டைமிங் மூடியைத் திறந்து பார்க்கப்பட்டது. காய்ந்திருந்தது.

டயாஃப்ரம் கிட் போட்டும் சரி செய்யலாம், பம்ப்பாகவே மாற்றியும் சரி செய்யலாம். லீவர் பின் ஆடினால் கிட் நிலைக்காது. இங்கே ஆடியதால் புது பம்ப். பழைய வண்டிச் சாமான் சந்தையான புதுப்பேட்டையில் பழைய பம்ப் பாதி விலைக்குக் கிடைக்கும். வெளியுடம்பு, மூடி, பிராக்கெட் போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை நல்ல இடம்தான். ரப்பர் டயாஃப்ரம் உள்ள சாமானுக்கும், பெயரிங் ஷெல்லுக்கும் (பெயரிங்கின் அரைவட்டத் தகடு) அங்கே போகாதீர்கள்.

இப்போதுதான் சம்ப் கழற்றும் நேரம். அதற்கு முன் பழைய ஃபில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும். ஹாக்ஸா போட்டால் இரும்புத் தூள் உள்ளே விழும். டின் திறக்கும் கட்டர் மாதிரியான கருவியால் மேல் விளிம்பை வெட்டி, காகித மடிப்பை உருவி, வெயிலில் விரித்துப் பார்த்தபோது செம்பு நிறப் பொடி மின்னியது. காந்தம் வைத்தால் ஒட்டவில்லை. ஒட்டினால் இரும்பு, அதாவது கிராங்க், கியர், ரிங் பக்கம் பார்க்க வேண்டும். செம்பு என்றால் ஷெல்லின் மேலடுக்கு போய் அடியடுக்கு தேய ஆரம்பித்துவிட்டது.

சம்பின் அடியில் 20 மி.மீ. ஆழத்துக்கு ஒரு நசுங்கல் இருந்தது. மூட்டை ஏற்றிய வண்டி ஸ்பீடு பிரேக்கரில் தட்டும்போது சம்ப் உள்வாங்கி ஸ்ட்ரைனரை முட்டுவது சென்னையில் சாதாரணம். இங்கே ஸ்ட்ரைனருக்கும் தகட்டுக்கும் இன்னும் இடைவெளி இருந்தது, ஆனாலும் தட்டி நேராக்கப்பட்டது. ஸ்ட்ரைனர் வலையில் மூன்றில் ஒரு பங்கை அனபாண்ட் (சம்ப் ஒட்டும் பேஸ்ட்) துணுக்குகள் மூடியிருந்தன. பம்ப் மாற்றியபோது பிதுங்கப் பிதுங்கப் பேஸ்ட் வைத்ததன் பலன். சம்ப் விளிம்பில் 2–3 மி.மீ. கோடு போதும், போல்ட் துளைக்கு உள்பக்கமாக இழுக்க வேண்டும். உள்ளே பிதுங்கியது ஒருநாள் உதிரும், உதிர்ந்தால் ஸ்ட்ரைனருக்குத்தான் போகும்.

ஆயில் பம்ப்பில் கியர் முகத்துக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளி, ஸ்கேல் வைத்து ஃபீலர் கேஜால் பார்த்தபோது 0.08 மி.மீ. 0.15 வரை பெரும்பாலான பம்ப்புகளில் பொறுத்துக்கொள்ளலாம். நல்ல பம்ப். அப்படியே திரும்பப் போடப்பட்டது.

ராடு கேப்புகளைக் கழற்றும்போது எண்ணும் திசையும் பஞ்ச் அடித்துக் குறிக்கப்பட்டன. ஒரு கேப் இடம் மாறினாலும் துளை வட்டம் கெடும். மூன்றாவது ராடின் மேல் ஷெல்லில் நடுப்பகுதி முழுக்கச் செம்பு தெரிந்தது. மற்ற மூன்றில் விளிம்புகளில் மட்டும். மெயினில் கீழ் ஷெல்கள்தான் அதிகம் தேய்ந்திருந்தன. டீசல் எரியும் அழுத்தம் பிஸ்டனைக் கீழ்நோக்கி அடிப்பதால் ராடில் மேல் ஷெல்லும், மெயினில் கீழ் ஷெல்லும்தான் அடி வாங்கும். தேய்மானம் இதற்கு மாறாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

இடைவெளி அளக்கப் பிளாஸ்டிகேஜ் நூல் பயன்பட்டது. பச்சை நூல் 0.025–0.076 மி.மீ. வரைதான் காட்டும், தேய்ந்த இன்ஜினில் பச்சை நூல் சரியாக நசுங்காது, சிவப்பு வேண்டும், அது 0.051–0.152 வரை. ஆயிலைச் சுத்தமாகத் துடைத்து, ஜர்னலின் நீளவாக்கில் நூலை வைத்து, கேப்பை டார்க் ரெஞ்சில் முழு அளவுக்கு முறுக்கி, கிராங்கைத் துளியும் சுற்றாமல் கழற்றி, உறையில் உள்ள அளவுகோலோடு நசுங்கிய அகலத்தை ஒப்பிட வேண்டும். வண்டியிலேயே மெயின் அளக்கும்போது கிராங்கின் எடை கீழே உட்கார்ந்து நூலை வீணாக நசுக்கும், அளவு குறைவாகக் காட்டும்; அதனால் பக்கத்துக் கவுன்டர் வெயிட்டின் அடியில் சின்ன ஜாக்கி வைத்து மேலே தாங்கவேண்டும். முடிவு: மூன்றாவது ராடு 0.14, மற்ற ராடுகள் 0.10–0.11, மெயின்கள் 0.10–0.12.

இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஜர்னல்கள் வட்டமாகவும் வழவழப்பாகவும் இருந்தால் இன்ஜினை இறக்காமல், அடியிலிருந்தே ஸ்டாண்டர்டு ஷெல் மாற்றி முடித்துவிடலாம். வண்டிக்காரருக்குப் பல நாள் வருமானம் மிச்சம். அதனால் நான்கு ராடு ஜர்னலிலும் மைக்ரோமீட்டர் வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு இடம், இரண்டு திசை என்று அளந்து பார்க்கப்பட்டது. மூன்றாவது 0.05 மி.மீ. நீள்வட்டம், நகம் மாட்டும் அளவுக்கு வரிகள். புது ஷெல் போட்டாலும் அந்த வரிகள் ரம்பம் போல அதைத் தின்றுவிடும். இன்ஜின் இறங்கியது.

கிராங்க் கிரைண்டிங் 0.25 மி.மீ. அண்டர்சைஸுக்கு (விட்டம் அவ்வளவு குறையும்படி). லேத்தில் கொடுக்கும்போது மூன்று விஷயங்களை வாய்விட்டுக் கேட்டுவாங்க வேண்டும். ஜர்னலின் இரு மூலையிலும் வளைவு அப்படியே இருக்க வேண்டும். கூர்மூலை விட்டால் கிராங்க் அங்கேதான் ஒடியும். ஆயில் துளைகளின் விளிம்பைச் சற்றுச் சரித்துவிட வேண்டும். கிரைண்டிங் ஆன பிறகு பாலிஷ். ஷெல் வாங்குவதற்கு முன் கிரைண்டிங் செய்துவிடாதீர்கள். அந்த அண்டர்சைஸ் ஷெல் கடையில் இருக்கிறது என்று உறுதியானபின் கல் வைக்கச் சொல்வது நல்லது.

திரும்பி வந்த கிராங்கின் உள்ளே கல் பொடி இருக்கும். துளைகளின் முடிவில் உள்ள பிளக்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் பிரஷ் விட்டு, காற்றடித்து, மறுபடி பிரஷ் விட்டு, வெள்ளைத் துணியில் கறை வராதவரை கழுவப்பட்டது. பனியன் வேஸ்ட் இந்த வேலைக்கு ஆகாது, நூல் உள்ளே தங்கும். பிளாக்கின் ஆயில் பாதைகளுக்கும் இதே கழுவல். கேம் புஷ்கள் அளவுக்குள் இருந்தன. பம்ப் மூடியின் கேஸ்கெட், கம்பெனி சொன்ன தடிமனிலேயே போடப்பட்டது; அதற்குப் பதில் தடித்த பேப்பர் வெட்டிப் போட்டால் கியர் இடைவெளி கூடி, பெயரிங் வேலை பாதி வீணாகும். பூட்டும்போது பம்ப்புக்குள் ஆயில் நிரப்பப்பட்டது. புது இடைவெளி: ராடு 0.05, மெயின் 0.06.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசல் நிறுத்தும் கம்பியை இழுத்து வைத்து, கேஜில் 30 பிஎஸ்ஐ தெரியும்வரை பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டர் சுற்றப்பட்டது. மூன்றாவது முறையில் வந்தது. லோடோடு ஓட்டிய பிறகு, 95 டிகிரியில்: ஐட்லிங்கில் 19, 1,000-ல் 26, 2,000-ல் 43, 3,000-ல் 54. அதே 15டபிள்யூ-40 ஆயில், அதே பம்ப், 750 ஐட்லிங்.

வடித்த 6.9 லிட்டரும் கழிவு ஆயில் வாங்குபவரிடம் கேனில் போனது. டீசல் கலந்த ஆயிலை மழைநீர் வடிகாலில் கொட்டினால் அது நேராகக் கூவத்துக்கோ அடையாற்றுக்கோதான் போகும்.

500 கி.மீ.-யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஃபில்டர் மறுபடி வெட்டிப் பார்க்கப்பட்டது. ஓரிரு மினுக்குகள் தவிர செம்பு இல்லை. டிரைவரிடம் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: இன்ஜின் குளிர்ந்து, தரை சமமாக இருக்கும்போது குச்சி பார்த்து நோட்டில் குறிப்பது. 3,000 கி.மீ. ஆனபோது அளவு மேல் கோட்டிலிருந்து 4 மி.மீ. இறங்கியிருந்தது. ஃபீட் பம்ப்பின் துளை திறந்தே இருக்கிறது, அடியில் ஈரம் இல்லை.